தையலுக்கு விட்ட ஓரடி

முந்தாநாள் காலை மரவாடியைத் திறக்கும்போதே வண்டிக்காரர் வந்து, “லூர்து டீச்சரம்மா தவறிப் பூட்டாங்க சார்” என்றார். இராயபுரத்துப் பெண்களில் பாதிப் பேருக்குத் தையல் கற்பித்தவர்கள் லூர்தம்மாள். அவர்களை அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறிந்தவர்களுக்கு என் எழுத்து தேவையில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம், நான் குமாஸ்தாவாக இருந்த இந்த வாடிக்கு வந்தார்கள். கணவர் சவரிமுத்து கப்பல் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போயிருந்தார். கடலோர வீடுதான். ஆனால் கொல்லைப்புறம் படியைவிட இரண்டடி பள்ளம், எந்நாளும் சேறு. கட்டிலை வெளியே இறக்க வழியில்லை.

“கப்பல் சங்கு கேக்குது, கப்பலப் பாக்க முடியலயேன்னு தெனம் சொல்றாரு தம்பி. படி மட்டத்துக்கு ஒரு பலகைத் தளம் போடணும். சீட்டு எடுத்த பணம் எண்பது ரூபா கீது. அதுக்குள்ள முடிச்சுக் குடு.”

மரம் விலை இறங்காத காலம். இருவரும் உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டோம். தேக்கைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டுப் பழைய ரயில் கட்டைகளைக் கால்களாக்கினோம். கைப்பிடியையும் நீக்கினோம். ஆணி, ஆசாரி கூலி, உப்புக் காற்றுக்குத் தார் எல்லாம் போக, மூன்றடி அகலம்தான் தேறியது. கட்டில் மட்டுமே கொள்ளும்.

“நீங்க எங்க உக்காருவீங்க?” என்றேன்.

“அவரு வெளிய வந்தா போதும். நான் படியில குந்திக்கிறேன்.”

ஆறு பலகைக்கும் அளவைத் தாமே எழுதித் தந்தார்கள். நானும் பார்க்காமல் அறுக்கக் கொடுத்துவிட்டேன். மரம் போய் இறங்கிய அன்றுதான் விஷயம் தெரிந்தது. பாவாடை வெட்டுகிற பழக்கத்தில், ஒவ்வொரு பலகையின் அகலத்திலும் இரு பக்கமும் ஓர் அங்குலம் தையலுக்கு விட்டிருந்தார்கள். ஆசாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இன்னா டீச்சரம்மா, பலகைய ஊசி நூலு வச்சா தைக்கப் போறீங்க?”

டீச்சர் சிரிக்கவில்லை. தாருக்கு வைத்த காசை, ஆறு பலகையிலும் சேர்ந்த அந்த ஓரடி மரம் தின்றிருந்தது. “அறுத்து எடுத்துட்டுப் போயிடு தம்பி” என்றார்கள். அறுத்த மரத்தை முதலாளி திரும்ப வாங்கமாட்டார்.

உள்ளே கட்டிலில் கிடந்த சவரிமுத்து குரல் கொடுத்தார். “அறுக்காத லூர்து. அந்த எடத்துல நீ குந்து.”

ஏழு வருஷம் மாலைதோறும் அவர் கப்பல்களைப் பார்த்துக் கதை சொல்ல, அந்த ஓரடியில் அமர்ந்து டீச்சர் தைத்தார்கள். “டீச்சர், தளம் தையல் பிரியாம இருக்குதா?” என்று நான் சீண்டினால் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அவர் போன பிறகும் ஓரத்தைவிட்டு நகரவில்லை. நடுவில் தாராளமாக உட்காரச் சொன்னால், “அது அவரு எடம்” என்பார்கள்.

நேற்று வீட்டுக்குள் கூட்டம் கொள்ளாமல், சவப்பெட்டியைக் கொல்லைத் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஓரமாக வைக்கப் போனவர்களை நிறுத்தி, நடுவில் வைக்கச் சொன்னேன்.

போய் வாருங்கள், டீச்சர். அவர் இடத்தில்தான் படுத்திருந்தீர்கள். ஒன்றும் சொல்லமாட்டார்.