கௌரி கண்டுபிடிக்காத மருந்து

பளையிலிருந்து கௌரியின் தம்பி சிவா அழைத்தபோது, நோய்ப்படுக்கையிலிருந்தும் கௌரி எங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு ஏதோ திருத்தம் சொல்லச் சொல்லியிருக்கிறார் என்றே நினைத்தேன். “எங்கட அக்கா விடிய மோசம் போயிட்டா” என்றார். சாவுச் செய்தி கேட்டு எனக்கு முதலில் வந்தது கோபம். எங்கள் கட்டுரை இன்னும் முடியவில்லை.

கௌரியுடன் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கோபம் விளங்கும். நரம்பு வலியின் வேரைத் தேடி, கை கால் நரம்புகளைப் போர்த்திருக்கும் துணைக்கலங்களில், அதாவது செல்களில், செரட்டோனின் என்ற உடல் வேதிப்பொருள் பட்டால் உள்ளே கல்சியம் ஏறுகிறதா என்று பார்த்தோம். ஏறினால், சாயமிட்ட கலம் நுணுக்குக்காட்டியில் ஒளிரும். ஒரு நாள் ஒளிர்ந்தது.

“இவ்வளவு காணும் கௌரி, எழுதுவம்” என்றேன்.

“பொறும். உம்மட துளி கலத்தில இடிச்சதிலயும் மினுங்கியிருக்கும். வெறும் உப்புக் கரைசலையும் விட்டுப் பாப்பம்.”

வெறும் கரைசலுக்கு ஒளிரவில்லை. நான் மகிழ்ந்தேன். “அப்ப ஏன் பக்கத்துக் கலம் சும்மா கிடக்குது?” என்று கௌரி அடுத்ததைத் தொடங்கினார். அந்தக் கேள்வி எங்கள் விடுமுறைகளையெல்லாம் தின்றது.

விசுவமடுவில் தோட்டம் செய்யும் ஒருவர், கால் இழந்தவர், எங்கள் ஆய்வைக் கேள்விப்பட்டு வந்தார். வெட்டுண்ட இடத்தில் நரம்பு ஓயாமல் குத்துகிறது என்றார். கௌரி ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“அண்ணை, நாங்கள் பாக்கிறது எலியின்ர கலம். உங்கட வலியைக் கூட்டுமோ குறைக்குமோ எண்டே தெரியாது. கிளினிக்கில தாற வலிக் குளிசையைப் போடாமல் விட்டிடாதேங்கோ” என்றார் கௌரி.

“அப்ப என்னத்துக்குப் பிள்ளையள் இவ்வளவு படிச்சனீங்கள்?”

“அதைத்தான் இவவும் ஒவ்வொரு நாளும் கேக்கிறா” என்று என்னைக் காட்டினார்.

முப்பத்தோராம் நாள் நினைவாக வெளியிடும் கல்வெட்டுப் புத்தகத்தில், ‘நரம்பு வலிக்கு மருந்து கண்ட மேதை’ என்று அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டார்கள். ஏன் இப்படி என்று சிவாவிடம் கேட்டேன்.

“செத்த ஆளைப் பற்றி ஒரு சொல் கூட்டிச் சொன்னா என்ன குறையப்போகுது?”

குறைந்தது. அடுத்த கிழமை அந்த விசுவமடுக்காரர் கல்வெட்டும் கையுமாக வந்தார். குளிசையை நிறுத்திவிட்டாராம். புது மருந்து எங்கே எடுக்கலாம் என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றேன். கல்வெட்டிலிருந்த கௌரியின் படத்தைப் பார்த்தார்.

“அப்ப இந்தப் பிள்ளை மருந்தை எனக்கு ஒளிச்சவாவோ?”

“அவ சொன்னதுதான் மெய், அண்ணை. பிழை புத்தகத்தில. குளிசையைத் திரும்பப் போடுங்கோ.”

நம்பினாரோ தெரியாது. கல்வெட்டை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்த வரியை வெட்டிவிடுங்கள்.

அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, ‘கெதியா ஒரு மருந்து வரும், அண்ணை’ என்று எனக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கௌரியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.