மேலே இன்கா, கீழே மாயா

கல்லைத் தூக்கியதும் பூபதி உடனே வரப்பில் வைத்துவிட மாட்டார். நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். "மூஞ்சி எதுன்னு தெரியாம வெச்சா சரிஞ்சிடும், தம்பி" என்பார். சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் ஓடும் காணொளி, கடல்தாண்டி வாழ்ந்த மாயா, இன்கா மக்களின் வரலாற்றைத் தமிழில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இண்டூர்ப் பக்கம் கரட்டடியில் எங்கள் நிலத்தை ஒட்டியது அவர் நிலம். மேல்பாதி சரிவு. கீழ்ப்பாதி சமதளம், அதில் ஒரு வற்றிய கிணறு. இந்தக் காணொளிகளைக் கேட்கத் தொடங்கியதிலிருந்து சரிவுக்கு இன்கா, சமதளத்துக்கு மாயா என்று பெயர். அவர் மனைவி ராமக்காளுக்கும் அது பழகிவிட்டது. "மாயாவுல மாடு கத்துது, இந்த மனுசன் இன்காவுல கல்லு பொறுக்கிக்கினு இருக்குது!" என்று கூவுவார்.

"ரெண்டு பேருல யாருங்க கெட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

கல்லைக் கீழே வைத்தார். "மாயாக்காரன் லேசுப்பட்டவன் இல்ல. ஆறு இல்லாத ஊருலகூட குளம் வெட்டி, சுண்ணாம்பு பூசி மழையத் தேக்குனான். வருசக்கணக்கா மழை வல்ல. ஊரு ஊரா காலி. இன்காக்காரன் மலையில படிப்படியா கல்லு கட்டி, பெஞ்ச தண்ணிய ஓட வுடாம புடிச்சான். அந்தப் படியில இன்னிக்கும் உருளக்கெழங்கு போடுறாங்க."

அந்த மாதிரிக் கல்வரப்பைத்தான் அவர் சரிவில் கட்டிக்கொண்டிருந்தார். ஓசூரில் வேலை செய்யும் மகன் கதிரவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே போட்ட மூன்று போர்வெல்லிலும் தண்ணீர் வரவில்லை, கல்தூள் புகைதான் வந்தது. இன்னொன்று போட்டுப் பார்ப்பது, தண்ணீர் இல்லையென்றால் நிலத்தை விற்றுவிடுவது என்று சொல்லிவிட்டான்.

"கல்லு கட்டி முடிச்சிடறேன்டா. ரெண்டு மழை பாக்கலாம்."

"உங்க இன்காவே இப்ப இல்லியேப்பா!"

"ராசா போயிட்டான். பயிர் வெக்கிற சனம் இருக்குது. மாயா சனமும் இருக்குது, மக்காச்சோளம் போட்டுக்கினு."

"சரி. மழையே வல்லன்னா உங்க கல்லு எதைப் புடிக்கும்?"

பூபதி செல்போனை அணைத்தார்.

போன வாரம் போர் லாரி வந்தது. நீரோட்டம் பார்த்தவர் குறி வைத்த இடம் சரிவின் நடுவில். லாரி அங்கே போகும் வழியைப் பூபதி கட்டிய கல்வரப்பு மறித்தது. கதிரவன் கடப்பாரையை எடுத்தான். "நீ இரு" என்று பூபதி அதை வாங்கி ஓரமாகச் சாத்திவிட்டு, வரப்பை மேலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கத் தொடங்கினார்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பூபதி அவசரப்படவில்லை. மேல்வரிசைக் கற்கள் ஓரிடம், அதற்கடுத்த வரிசை பக்கத்தில் என்று, ஒவ்வொன்றின் மூஞ்சியும் ஒரே திசை பார்க்கும்படி புல்லின்மேல் அடுக்கிவைத்தார்.