சொர்ணலதா உட்கார்ந்த நாட்கள்

போடி பஜாரில் ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருந்த ஆதித்தன் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் வீடு. என் பெயர் ஜெபமணி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த வீட்டில் எல்லோருக்கும் நான் டீச்சரம்மா. ஆதித்தனின் மனைவி சொர்ணலதாவுக்கு மட்டும் வெறும் டீச்சர். அவள் குச்சனூரில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, அறுபத்தாறில் கல்யாணமாகி இங்கே வந்தவள். அவளுக்குப் படிக்கப் பிடிக்கும். அந்த வீட்டில் அதுதான் அவளுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம்.

மாமியார் அன்னத்தாயின் கண்ணில் புத்தகத்தைக் கையில் எடுத்தவள் சோம்பேறி. எடுக்க நேரமும் இருந்ததில்லை. வீட்டு ஆட்கள், கடை ஆட்கள், மலையிலிருந்து மூட்டையோடு இறங்கி வருகிறவர்கள் என்று வேளைக்குப் பதினைந்து இலை விழும். ஆட்டுக்கல், அம்மி, விறகடுப்பு எல்லாம் சொர்ணத்தின் தலையில்தான். மாதத்தில் மூன்று நாள் மட்டும் அவளுக்கு அதிலிருந்து விடுதலை. மாதவிலக்கை எங்கள் பக்கம் தூரம் என்பார்கள். தூரமான பெண் அந்த வீட்டில் அடுப்படிக்கு வரக்கூடாது. கொல்லையில் விறகு அடுக்கும் சாய்ப்பில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு செம்போடு போய் உட்கார வேண்டும். யாரும் கிட்டே வரமாட்டார்கள். என்ன செய்கிறாள் என்று எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

மற்றப் பெண்கள் அந்த மூன்று நாளை ஜெயில் என்பார்கள். இவளுக்கு அது முழுப்பரீட்சை லீவு. நான் வாங்கும் வாரப் பத்திரிகைகளை மாதம் முழுக்கச் சேர்த்துவைத்து, அவள் உட்கார்ந்த அன்று சுவருக்கு மேலாக நீட்டுவேன். தீட்டுப்பட்ட புத்தகம் அவர்கள் வீட்டுக்குள் போக முடியாது. என் வீட்டுக்கு வரலாம். எங்கள் சர்ச்சில் அப்படியொரு கணக்கு கிடையாது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பத்திரிகைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, சுவரில் மோவாயை வைத்துக்கொண்டு அந்த மாதத்து நல்லது பொல்லாததையெல்லாம் ஒப்பிப்பாள். நான் அதற்கு மாதாந்திர அறிக்கை என்று பெயர் வைத்திருந்தேன். தொடர்கதையில் வரும் டாக்டர் பெண்ணுக்குப் படிப்பு இருக்கிற அளவுக்குப் புத்தி இல்லை என்பாள். சமையல் குறிப்பு எழுதுகிற அம்மாள் ஒரு நாளும் ஈர விறகை ஊதியிருக்க மாட்டாள் என்பாள். அதற்குப் பிறகு பேச்சு மாமியாரின் சமையலுக்கு வரும்.

"மொச்சைக் கொழம்புல உப்பே இல்ல டீச்சர். ஆனா ஒருத்தர் ஆக்கிப் போட்டு நான் உக்காந்து தின்னேன். அது போதாதா?"

மிச்சமெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மத்தியானத்தில் தூங்கினாளாம். குரங்கணி மலையில் மேகம் இறங்குவதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தாளாம். முன்கட்டில் ஏலக்காய் புடைக்கிற வாசம் வேலை நேரத்தில் மூக்கில் ஏறுவதே இல்லையாம், சாய்ப்பில் உட்கார்ந்தால்தான் ஏறுகிறதாம். இதையெல்லாம் ஊட்டிக்குப் போய்வந்தவள் மாதிரிச் சொல்லுவாள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், வயிறு எரியவும் செய்யும்.

அவள் உட்காரும் ஒவ்வொரு மாதமும் அன்னத்தாய் பாத்திரங்களை உடைக்காத குறைதான். மூன்று வருஷமாக மருமகள் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. "இந்த மாசமும் போய் உக்காந்துட்டாக மகராசி" என்று கொல்லைக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவாள். பிள்ளை வேண்டும் என்ற ஏக்கம் சொர்ணத்துக்கும் இருந்தது. அந்த ஏக்கத்தோடுதான் பத்திரிகையைப் பிரிப்பாள்.

அறுபத்தொன்பது புரட்டாசியில் அது நடந்தது. மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரம். வீட்டில் பதினைந்து இலை இருபது இலையாகியிருந்தது. தொடர்கதை முடிந்து கடைசி அத்தியாயம் என் அலமாரியில் இருந்தது. சொர்ணத்துக்கு நாள் தப்பவே தப்பாது. அந்தத் தடவை நாள் வந்தும் தூரம் வரவில்லை. எப்படியும் நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்தாள். காலையில் மாமியாரிடம் தூரம் என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போய்விட்டாள்.

"இன்னும் வரல டீச்சர். வர்றதுக்கு முன்னாலயே வந்து உக்காந்துட்டேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது கேட்டாலும் சிரிப்பேன். இடுப்பு ஒடிய வேலை செய்கிறவள் மூன்று நாள் காலை நீட்ட ஒரு பொய் சொன்னால், அதைப் பாவம் என்று எந்த வேதத்திலும் நான் படிக்கவில்லை.

அவள் பாயை விரித்த அன்று காலையில்தான் ஆதித்தன் காய் வாங்க மலைக்குப் போனான். வழக்கமாகப் பத்து நாளில் இறங்கிவிடுவான். அந்த வருஷம் மழை அடித்த அடியில் மலைரோடு சரிந்துவிட்டது. கம்பம் வழியாகச் சுற்றி வரலாம்தான். சீசன் காயை விட்டுவிட்டு வர மனசில்லாமல் அங்கேயே தங்கி, தீபாவளிக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தான்.

அதற்குள் வீட்டில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஐப்பசியிலும் சொர்ணத்துக்குத் தூரம் வரவில்லை. அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தவள் எண்ணெய் வாடை தாங்காமல் எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள். பின்னாலேயே வந்த அன்னத்தாய்க்கு முதலில் முகமெல்லாம் மலர்ந்தது. பிறகு விரலை மடக்கி எண்ணினாள். மருமகள் புரட்டாசியில் தூரமாகி உட்கார்ந்தவள். மகன் அன்றைக்கே மலைக்குப் போனவன், இன்னும் இறங்கவில்லை. இடையில் உண்டான பிள்ளை யாருடையது?

உண்மையில் பிள்ளை ஆவணிக் கடைசியில், புருஷன் வீட்டில் இருந்தபோதே உண்டாகிவிட்டது. அதனால்தான் புரட்டாசியில் தூரம் வரவில்லை. சொர்ணம் மாமியார் காலில் விழுந்து அதைத்தான் சொன்னாள்.

"அத்தை, புரட்டாசில நான் தூரமாகல. சும்மாதான் உக்காந்தேன்."

"எதுக்கு?"

"படிக்க."

பேய் பிடித்திருந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். காய்ச்சல் என்றிருந்தாலும் நம்பியிருப்பார்கள். படிக்க என்றதை அந்த வீட்டில் ஒரு ஆள்கூட நம்பவில்லை.

நான் போனேன். கூப்பிடாமலே போய், முன்கட்டில் புடைக்கிற பெண்கள் கேட்க, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்னத்தாய் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள்.

"நீங்க வேதக்காரவுக டீச்சரம்மா. உங்களுக்குத் தீட்டு ஏது, தொடக்கு ஏது? சுத்தமா இருக்கிறவ எவளாவது தீட்டுன்னு சொல்லிக்கிட்டு வெறகோட படுப்பாளா? பொஸ்தகத்தக் குடுத்துக் கெடுத்தவுகளே சாட்சிக்கும் வந்தா நான் என்னன்னு நம்ப?"

ஆதித்தனை ஊரில் நல்லவன் என்பார்கள். அம்மா பேசும்போது சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நிற்பவனுக்கு அப்படித்தான் பெயர் வரும். மலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டவன், மனைவி முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தீர்ப்பையும் அன்னத்தாயே சொன்னாள். சொர்ணம் குச்சனூருக்குப் போக வேண்டும். அவள் சொல்வது மெய்யென்றால் பிள்ளை வைகாசியில் பிறக்கும். "வைகாசிக்குள்ள பொறந்தா அது எம்மகன் பிள்ளை. ஆனிக்குத் தள்ளுச்சுன்னா அங்கனயே இருந்துக்கிறட்டும்."

தலைப்பிள்ளை பத்துப் பதினைந்து நாள் தள்ளிப் பிறப்பது எங்கும் நடப்பதுதான். அப்படித் தள்ளினால் மெய்யே பொய்யாகிவிடும். நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

வைகாசியில் பள்ளிக்கூட லீவு. சின்னமனூர் பஸ் பிடித்துக் குச்சனூருக்குப் போனேன். சனிக்கிழமை, சனீஸ்வரன் கோயிலுக்கு வந்த கூட்டம் ஆற்றங்கரை வரை நின்றது. சொர்ணத்தின் அம்மா எள் விளக்குப் போடப் போயிருந்தாள். சொர்ணம் அந்த வயிற்றோடு வாசலில் உலக்கை பிடித்து நெல் குத்திக்கொண்டிருந்தாள். வேலைக்காக இல்லை. வைகாசி முடியப்போகிறது, வலி வரவில்லை. விடிந்தால் வாய்க்கால் வரை நடை, வந்தால் உலக்கை. விளக்கெண்ணெயும் ஏதோ கஷாயமும் இரண்டு வேளை குடிக்கிறாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கொண்டுபோன பத்திரிகைக் கட்டை நீட்டினேன். அவிழ்க்காமல் மாடத்தில் வைத்துவிட்டாள்.

"பிள்ளை தானா வரும்டி. இப்படிப் போட்டு அடிக்காத, உசுருக்கே ஆபத்து" என்று கத்தினேன்.

"தானா வந்தா ஆனியில வரும் டீச்சர். அப்புறம் அதுக்கு அப்பன் யாருன்னு ஊரு கேக்கும்."

உலக்கையைப் பிடுங்கித் தூரப் போட்டேன். நான் பஸ் ஏறியதும் எடுத்திருப்பாள்.

வைகாசியின் கடைசி நாட்களில் பிள்ளை பிறந்தது. ராத்திரியும் பகலுமாக வலித்துப் பிறந்தது. பெண் குழந்தை. நகம் விரலைத் தாண்டி வளர்ந்து, தலை நிறைய முடியோடு இருந்தது. முழு மாதப் பிள்ளை என்று மருத்துவச்சி மலையம்மாள் அடித்துச் சொன்னாள். அன்னத்தாய் ஜீப் வைத்துக்கொண்டு வந்து, பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, "எங்க பிள்ளைதான்" என்றாள். சொர்ணத்தின் கர்ப்பப்பை இறங்கிவிட்டதாகவும், இனிப் பிள்ளை தங்காதென்றும் மலையம்மாள் சொன்னதைக் கேட்டு, "ஆம்பளப் பிள்ளையாவது பெத்துட்டுக் கெட்டிருக்கலாம்" என்றாளாம்.

ஆவணியில் சொர்ணம் போடிக்குத் திரும்பினாள். அன்னத்தாய் வாசலிலேயே ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் தூரமானால் துணியைக் கொண்டுவந்து தன்னிடம் காட்டிவிட்டுத்தான் சாய்ப்புக்குப் போக வேண்டும். பொய் சொல்லி உட்கார்ந்தவளை வேறு எப்படி நம்புவது என்று நியாயமும் பேசினாள்.

முதல் தடவை சொர்ணம் காட்டினாள். மாமியார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளாம். முன்கட்டில் ஆட்கள் இருந்தார்களாம். அன்று நான் நீட்டிய பத்திரிகைகளை அவள் வாங்கவில்லை.

"இனிமே நான் உக்கார மாட்டேன் டீச்சர்."

"அதெப்படி முடியும்?"

"தூரம் நின்னு போச்சுன்னு சொல்லிருவேன். அடுப்படியில நின்னு சாவேனே ஒழிய, இன்னொரு வாட்டி அதைக் கொண்டுபோய்க் காட்ட மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். பிரசவத்தில் உள்ளே கெட்டுப்போனதால் நின்றுவிட்டது என்று அன்னத்தாயும் நம்பினாள். நம்புவதில் அவளுக்கு லாபம். மாதம் முழுக்க அடுப்பு அணையாது. நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். முன்னைவிட அதிகமாகப் போனது. எட்டு வருஷம், அடிவயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த நாட்களிலும் மாவாட்டினாள், இருபது இலைக்குப் பரிமாறினாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது. தேனியில் ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தால் வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். அதனால் எடுக்கவில்லை. சுவரோரம் வருவாள், குழந்தைக்குப் பல் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது என்று பேசுவாள். கதை பற்றி ஒரு வார்த்தை வராது. நான் மூன்றாம் வருஷத்தோடு பத்திரிகை சேர்த்து வைப்பதை விட்டுவிட்டேன். எனக்கு அவள் மேலே கோபம்கூட வந்தது. அவ்வளவு வீம்பு எதற்கு என்று கேட்டும் விட்டேன். வேறு என்ன டீச்சர் எங்கிட்ட இருக்கு என்றாள்.

எழுபத்தெட்டு வைகாசியில் ஒரு காலை, உலை வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் போய்விட்டாள். முப்பத்திரண்டு வயது.

மறுநாள் பால் தெளிப்பு முடிந்து பெண்கள் முன்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அன்னத்தாய் மூக்கைச் சிந்திக்கொண்டு மருமகள் பெருமை பேசினாள். "பிள்ளை பெத்ததுக்கு அப்புறம் ஒரு நாள் தூரம்னு உக்காந்தது இல்ல. ஆத்தா அவளுக்கு அந்தத் தீட்டே இல்லாம ஆக்கிட்டா. எட்டு வருசமா எங்க அடுப்படி கோயில் மாதிரி இருந்துச்சு."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து அவள் முன்னால் போய் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னேன். தூரம் நிற்கவே இல்லை என்று சொன்னேன். மாதா மாதம் ரத்தம் போகப் போக நின்றுகொண்டு உங்களுக்குச் சோறு வடித்தாள், அதில்தான் செத்தாள், உங்களிடம் துணியைக் காட்டக் கூசித்தான் செத்தாள் என்று சொன்னேன். ஆதித்தன் நடையில் நின்றிருந்தான். அவனும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அன்னத்தாயின் அழுகை நின்றது. அழுது விழுவாள், அல்லது என்னை வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"டீச்சரம்மா, போன மாசம் வீரபாண்டித் திருவிழாவுல ஆத்தாளுக்கு எடுத்தோமே மாவெளக்கு. அந்த மாவை இடிக்கையிலயுமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.