மேசையைக் கண்டால் சிலை

எங்கள் வீட்டில் முதுகு உடையாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மத்தியானம் பள்ளி விட்டு வந்ததும் நான் அதில் டீச்சராக உட்காருவேன். சாயங்காலம் மாமா லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் அதே நாற்காலியில் டாக்டராக உட்காருவேன். ஒன்பது வயதில் இரண்டு உத்தியோகம் பார்த்தவள் பெடாஸ் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எதற்காகப் பார்க்கிறேன் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

மாணவனும் நோயாளியும் ஒரே ஆள்தான், என் தம்பி. அவனுக்கு ஆறு வயது முடியப் போகிற நேரம். நடப்பான், ஓடுவான், சிரிக்க ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு டிவி கேட்காது. பேச்சுதான் வரவில்லை. நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு உலகத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தான். ஒன்றைச் சொன்னால் அது அவனுக்குள் போய்ச் சேர நேரமாகும். சேர்ந்துவிட்டால் பிறகு கடப்பாறை போட்டாலும் வெளியே வராது. இந்த இரண்டாவது சங்கதியை மாமா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வருகிற ஜனவரியில் அவன் பள்ளிக்குப் போக வேண்டும். அம்மா முதலில் நான் படித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குத்தான் அழைத்துப் போனார். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். தம்பிக்கு மிட்டாய் கொடுத்தார், அம்மாவுக்கு நாற்காலி போட்டார், பிறகு கையை விரித்தார்.

"சட்டத்துல அவனுக்கு எடம் இருக்கும்மா. என் பள்ளிக்கூடத்துலதான் இல்ல. இவனுக்குன்னு தனியா படிச்ச டீச்சர் வேணும், தனி கிளாஸ் வேணும். டவுன்ல மலாய்ப் பள்ளியில இருக்கு, அங்க கேளுங்க."

கேட்பதற்கு முன் இரண்டு காரியம் ஆக வேண்டும் என்றும் சொன்னார். பையனுக்குக் குறை இருக்கிறது என்று ஆஸ்பத்திரி டாக்டர் எழுதித் தர வேண்டும். அவன் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வான் என்று பள்ளி நம்ப வேண்டும். தானே சாப்பிட வேண்டும், தானே கழிப்பறைக்குப் போக வேண்டும், தானே சட்டை போட வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் அந்த வகுப்புக்குள் வர முடியாது. இரண்டாவது இல்லாவிட்டால் வந்தாலும் இருக்க முடியாது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டார். "கொறை இருக்குன்னும் காட்டணும், கொறை இல்லன்னும் காட்டணுமா?"

"அதான் லா மாப்ள சட்டம்" என்றார் மாமா.

மாமா அம்மாவுக்கு அண்ணன். செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றி எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோகிற வேலை. மில் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில்தான் மாமாவின் படிப்பு முழுவதும் நடந்தது. யாருக்கு எந்த ஆபீசில் என்ன ஆனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தினமும் தவறாமல் ஒன்று சொல்வார். "கவர்மெண்டுக்குக் கண்ணு கெடையாது, சாப்பு மட்டும்தான்." சாப்பு என்றால் ரப்பர் முத்திரை. அதை நம் தாளில் குத்த வைப்பதுதான் நம் சாமர்த்தியம் என்பது அவர் கட்சி.

அப்படித்தான் வேலை இரண்டாகப் பிரிந்தது. பள்ளிக்கூடம் அம்மாவின் பொறுப்பு, ஆஸ்பத்திரி மாமாவின் பொறுப்பு.

அம்மா தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு மத்தியானம் வருவார். முதுகைக்கூட நிமிர்த்தாமல் பாடத்தை ஆரம்பிப்பார். அப்பாவின் பழைய சட்டையை ஒரு தலையணைக்கு மாட்டி, பெரிய பொத்தான்களில் தம்பியைப் பழக்கினார். தலையணைக்குப் போடக் கற்றுக்கொண்ட பிறகு தன் சட்டைக்கு. கரண்டி பிடிப்பது, மூக்கைத் துடைப்பது, கழிப்பறைக் கதவைச் சாத்துவது. நான் நாற்காலியில் டீச்சர் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மலாயில் "போலே?" என்று கேட்க வேண்டும். முடியுமா என்று அர்த்தம். தம்பி செய்து காட்டிவிட்டு "போலே" என்று சொல்லி என் முழங்காலைத் தட்டுவான். அவனுடைய நாலைந்து சொற்களில் அப்படி ஒன்று கூடியது.

மாமா சாயங்காலம் வந்து இதையெல்லாம் அணைத்துவிடுவார்.

"இங்க பாரு தங்கச்சி. டாக்டர் முன்னால இவன் பட்டன் போட்டான்னு வையி, கெட்டிக்காரப் பையன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சாப்பு கெடைக்காது. அங்க ஒண்ணும் செய்யக் கூடாது."

"ஒண்ணும் செய்யாத இருன்னு இவன்கிட்ட எப்படிண்ணே சொல்றது?"

மாமா உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையை இழுத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்கு முன்னால் போட்டார். மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் தம்பி சிலையாகிவிட வேண்டும். அதுதான் விளையாட்டு. என்ன கொடுத்தாலும் வாங்கக் கூடாது, கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. சிலையாக நின்றால் ஒரு கை நிறைய கச்சாங் பூத்தே. அந்த வறுத்த கடலைக்காகத் தம்பி எதையும் செய்வான்.

முதல் வாரம் அவன் மேசைமேல் ஏறி உட்கார்ந்தான். அடுத்த வாரம் என் மூக்கைப் பிடித்தான். பிறகு ஒரு நாள், நான் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும், அப்படியே நின்றான். பிள்ளையார் கோயில் துவாரபாலகர்கூட அப்படி நின்றது கிடையாது. காதில் ஈ உட்கார்ந்தது. அசையவில்லை. மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பாத்தியா மாப்ள, யாரு சொன்னா இவனுக்கு மண்டையில ஏறாதுன்னு?"

அப்பாவின் முகம் சிரிக்கிறதா என்று பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

மத்தியானம் அவன் செய்தால் அம்மா முத்தம் கொடுக்கிறார். சாயங்காலம் அவன் செய்யாவிட்டால் மாமா கடலை கொடுக்கிறார். நான் அதே நாற்காலி, அவன் அதே தம்பி. "அவனுக்கு முடியுமா, முடியாதாம்மா?" என்று ஒரு தடவை கேட்டேன். அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தார். "ரெண்டுந்தான்" என்றார். நான் சின்னப் பிள்ளை என்பதால் மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சீனப் பெண். பார்க்கக் கல்லூரிப் பெண் மாதிரிதான் இருந்தார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தம்பி உள்ளே நுழைந்தான், பார்த்தான், சிலையானான். அவர் கட்டைகளை அடுக்கிக் காட்டினார், பேனாவை நீட்டினார், பெயர் கேட்டார். கடைசியில் சிவப்புப் பந்து ஒன்றை உருட்டிவிட்டார். தம்பியின் கண் மட்டும் பந்தோடு சுவர் வரைக்கும் போய் முட்டிக்கொண்டு திரும்பியது. டாக்டர் அந்தக் கண்ணைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு அவன் பிறந்ததிலிருந்து கிளினிக்கில் எழுதி வைத்திருந்த காகிதக் கட்டுகளை நிதானமாகப் புரட்டினார். கையெழுத்துப் போட்டார். மாமாவின் சிலை இல்லாமலே அவர் போட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. வெளியே வந்ததும் மாமா தம்பிக்கு ஒரு பாக்கெட் கடலையை முழுசாகக் கொடுத்தார்.

அங்கேதான் வினை. கடலை தின்ற பாடம் அழியுமா?

டவுன் பள்ளிக்குப் போன அன்று தம்பிக்குப் புதுச் சட்டை. அம்மா வழி முழுக்க லாரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு "போலே, கண்ணு, போலே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு லீவு போட்டிருந்தார்கள். அம்மாவைவிட எனக்கு மலாய் கொஞ்சம் கூடுதலாக வரும்.

சிக்கு, அதாவது அந்த மலாய் டீச்சர், நல்ல அகலமான பெண்மணி. சிரித்துக்கொண்டே வரவேற்றார். வரவேற்றுவிட்டுப் போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். துவாரபாலகர் நின்றுகொண்டிருந்தார்.

"போலே?" என்று சிக்கு சட்டையைக் காட்டிக் கேட்டார். அசைவில்லை. கரண்டியைக் கொடுத்தார். அது அவன் விரலில் பட்டுத் தரையில் விழுந்தது. அம்மா குனிந்து எடுத்து அவன் கையில் திணித்தார். மறுபடியும் விழுந்தது.

"டே, இது வேற மேசை லா" என்று மாமா பல்லுக்குள் சொன்னார்.

தம்பி தன் கடமையில் சரியாக இருந்தான். அவனுக்கு மேசை என்றால் மேசைதான். ஆஸ்பத்திரி மேசை, பள்ளி மேசை என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

சிக்குவின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. என்னைப் பார்த்து மெதுவான மலாயில் சொன்னார். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளையைத்தான் இந்த வகுப்பில் எடுக்க முடியும், இங்கே உதவிக்கு ஆள் குறைவு, வீட்டில் இன்னும் கொஞ்சம் பழக்கி அடுத்த வருஷம் வாருங்கள். நான் அதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். அடுத்த வருஷம் என்றதும் அம்மாவின் வாய் லேசாகக் கோணியது. இரண்டு வருஷத்துக்கு முன் பாலர் பள்ளியிலும் இதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்கள்.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். "அண்ணே, நான் சொல்லிடப் போறேன்."

"சொல்லாத தங்கச்சி. சொன்னா டாக்டர் கையெழுத்தும் போச்சி. ரெண்டும் போச்சி. அப்புறம் வீட்லயே வச்சிக்கிட்டு இரு."

"இப்ப மட்டும் எங்கண்ணே இருக்கான்?"

அம்மாவின் மலாய் பாசாரில் மீன் வாங்க மட்டும்தான் போதும். அதை வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பாதி சொல், பாதி கை. தலையணைக்குச் சட்டை போட்டதையும், மேசையை இழுத்ததையும், கடலையையும், ஈ உட்கார்ந்ததையும் நடித்தே காட்டினார். மாமா கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய மனிதருக்கு எதற்காக இப்படி வியர்க்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

சிக்கு கடைசி வரை கேட்டார். பிறகு எழுந்து வந்து, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தார்.

தம்பி காலி நாற்காலியைப் பார்த்தான். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தான். ஆள் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள், வேலை முடிந்த காவல்காரன் மாதிரி. சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான், ஒவ்வொன்றாகப் போட்டான். சிக்குவின் முழங்காலைத் தட்டி "போலே" என்றான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நேராகப் போய் மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். எங்கள் எல்லாரையும் பார்த்தான். காத்திருந்தான்.

முதலில் புரிந்துகொண்டது மாமாதான். கையைத் தூக்கிய நிலையில் அப்படியே நின்றார். அம்மா நின்றார். நான் நின்றேன். பாயிலிருந்து எழுந்துகொண்டிருந்த சிக்கு, ஒரு கை தரையில் ஊன்றியபடி, பாதியிலேயே நின்றார். அறையில் காற்றாடி மட்டும் ஓடியது. தம்பி இறங்கி வந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இல்லாத கடலையை வைத்தான். மாமாவுக்கு இரண்டு தடவை வைத்தான்.

சிக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். ஜனவரியில் வரட்டும். ஆனால் மூன்று மாதம் பார்ப்போம். சரிப்பட்டால் இருப்பான், சரிப்படாவிட்டால் வேறு யோசிக்க வேண்டும், விதி அப்படி. டாக்டர் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஆண்டுகளில் விதி அப்படித்தான் இருந்தது. பின்னால் அதையும் மாற்றி, எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று கொண்டுவந்தார்கள். நான் சட்டம் படித்தவள் இல்லை, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

திரும்பி வர லாரியில் ஏறினோம். சந்தோஷமா, வருத்தமா என்று கேட்டால் அந்த லாரியில் ஒருவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. நான் அதைக் கேட்கவில்லை. எனக்கு வேறு சந்தேகம்.

"அம்மா, எனக்கு எப்ப மூணு மாசம் முடிஞ்சிச்சி?"

அம்மா என்னைப் பார்த்தார். எதற்கும் பதில் வைத்திருக்கிற மாமாவும் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அப்படியானால் எனக்கு இன்னும் முடியவில்லை, என்னிடம் சொல்லப் பயப்படுகிறார்கள் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

ஜனவரியிலிருந்து நான் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கேன்டீனில் கரண்டியைத் தவிர எதையும் தொடவில்லை. கழிப்பறைக் கதவை, யாராவது எங்கேயாவது குறித்துக்கொள்ளட்டும் என்று சத்தமாகச் சாத்தினேன். ஏப்ரலில் ஒரு நாள் சிக்கு மாமாவைக் கூப்பிட்டுத் தம்பி இருக்கலாம் என்று சொன்னார். அம்மா கேசரி கிண்டினார். அப்பா கேசரியை வாயில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. எல்லாரும் தம்பியைத் தூக்கிக் கொஞ்சினார்கள். என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியர் எங்கள் கணிதச் சோதனைத் தாள்களைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார். பின்னால் ஓடினேன்.

"சார், நான் இருக்கலாமா சார்? எனக்குப் பார்த்துட்டீங்களா?"

"இன்னும் பாக்கல மா. கைல ஏகப்பட்டது கெடக்கு. பாத்துட்டுச் சொல்றேன், போ."

சரி என்று வந்துவிட்டேன். அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. கழுத்துப் பொத்தானை நான் கழற்றவே இல்லை.