தவமணி அத்தை எடுத்துக்கொண்ட முகம்

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். நாளைக் காலை எங்கள் பாடசாலை மண்டபத்தில் தவமணி அத்தைக்கு அஞ்சலிக் கூட்டம். அங்கே எல்லாரும் நல்லதைத்தான் பேசுவார்கள். அவரைத் தெரிந்தவர்களில் ஒருவராவது மற்றதையும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை பாடசாலை விட்டு வந்தபோது எங்கள் லயத்து வீடுகளுக்கு முன்னால் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அம்மா மலையிலிருந்து வந்த கோலத்திலேயே, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

"தவமணி போயிட்டாடி பாப்பா. கொழும்புல ரூமுலயே, தூக்கத்துலயே போயிட்டாளாம்."

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா மூக்கைச் சிந்தினார். "நாட்டையே சிரிக்க வச்ச மனுசி. போறப்ப ஒரு சத்தம் காட்டாம போயிருச்சு பாருங்க."

எல்லாரும் அழுதார்கள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி அவர் அதை யாரிடமும் சொல்ல முடியாது.

தவமணி அத்தை நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களில் இருபது வருடம் வேலைக்காரியாக நடித்தார். அவர் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு காட்சி தெரியும். தோட்டத்து வேலைக்காரி, முதலாளி வீட்டு நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோகிறாள். நாய்க்கு வலிப்பு. அதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் தானே வலிப்பாக மாறிக் காட்டுகிறாள். கண் மேலே சொருகுகிறது, வாய் கோணுகிறது, மணிக்கட்டு உள்பக்கமாக மடங்குகிறது, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்கிறது. அவ்வளவிலும் கக்கத்தில் இடுக்கிய குடை கீழே விழுவதில்லை. வைத்தியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நாடு முழுக்கச் சிரித்தது. பிள்ளைகள் போனில் அதைப் போட்டுப் பார்த்துக் குடையோடு ஆடினார்கள். அம்மாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "தவமணி தவமணிதான்டி. அந்தக் குடையப் பாரேன்!"

நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வலிப்பை நான் முன்பே பார்த்திருந்தேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. தம்பிக்கு இரண்டு. காய்ச்சலில் கிடந்தவனுக்குத் திடீரென்று இழுக்க ஆரம்பித்தது. அப்பா கொழும்பில் வேலையில் இருந்தார். தீபாவளிக்கு வந்திருந்த தவமணி அத்தைதான் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். "எனக்குச் சிங்களம் தெரியும்ல, நான் பேசுறேன். நீ புள்ளையத் தூக்கு" என்றார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இழுப்பு நின்று தம்பி துவண்டு கிடந்தான். தூங்குகிற பிள்ளை என்று நினைத்து எங்களை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அம்மா "மிஸ், பபா... பபா..." என்றாள். பிள்ளை என்பதற்கு மேல் அவளுக்குச் சிங்கள வார்த்தை இல்லை. தம்பியை என் மடியில் கிடத்திவிட்டு, அந்த வரிசைக்கு முன்னால் தன் உடம்பாலேயே அவனுக்கு வந்ததைச் செய்து காட்டினாள். கண், வாய், மணிக்கட்டு. கக்கத்தில் எங்கள் கறுப்புக் குடை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஒரு தாதி புரிந்துகொண்டு தம்பியை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார். தம்பி பிழைத்துவிட்டான். தவமணி அத்தை ஒரு கை தூரத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. அவரும் பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

போன வருடம் பாடசாலை மலருக்காக அவரைப் பேட்டி காண நாடகப் பாட ஆசிரியர், எங்கள் சேர், என்னை அனுப்பினார். அத்தை லீவில் வந்திருந்தார். அவர் சொன்னதையெல்லாம் அப்பியாசக் கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பி இப்போதும் என் முன்னால் இருக்கிறது.

"இருவது வருசமா ஒரே வேசம்டி. தோட்டத்துப் பொம்பள மாதிரி பேசுங்கம்பான் டைரக்டர். எந்தப் பொம்பள மாதிரின்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். நான்தான் தேடிக்கிறணும்."

புகழைப் பற்றிக் கேட்டேன்.

"அட்டன் பஸ்ல ஏறுனா எந்திரிச்சு சீட்டு குடுக்குறாங்க. பேரு தெரியாது. குடை நோனா, குடை நோனாங்குறாங்க, குடைக்காரம்மான்னு. ஒரு தடவ அந்த வலிப்பச் செஞ்சு காட்டச் சொன்னானுங்க."

"செஞ்சீங்களா அத்தை?"

"பின்ன? சீட்டு குடுத்துட்டானுங்கல்ல." சிரித்தார். பிறகு, "றொசல்லையிலயே எறங்கிட்டேன். மிச்சத் தூரத்துக்கு வேற பஸ்ஸு வர்ற வரைக்கும் மழையில நின்னேன்" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது. வந்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. கொப்பியை மூடிவிட்டுக் கேட்டேன். "அது எங்க அம்மாதானே அத்தை?"

அவர் முகம் மலர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை, மலர்ந்தது. "கண்டுபுடிச்சிட்டியா? அப்ப நல்லாத்தான் செஞ்சிருக்கேன்!"

"நீங்க ஏன் அன்னைக்கு ஒண்ணும் பேசல?"

"பேசத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள உங்கம்மா ஆரம்பிச்சிட்டா. அப்படி ஒண்ண நான் எங்கயும் பார்த்ததில்லடி. நான் ஒரு வார்த்த பேசியிருந்தா அவ நிறுத்தியிருப்பா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவ என்கூட உக்காந்துல்ல பார்த்தா! விழுந்து விழுந்து சிரிச்சா. அவுங்கவுங்க மொகம் அவுங்கவுங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா என் பொழப்பு என்னாகுறது?"

தம்பியை நாயாக மாற்றியது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இனிக் கேட்க முடியாது.

பேட்டி மலரில் வந்தபோது அதில் அவர் சொன்னது ஒன்றுமே இல்லை. "மலையகத் தாய்மாரின் துயரை நெஞ்சில் சுமந்து நடிக்கிறேன்" என்று சேர் எழுதியிருந்தார். கீழே என் பெயர். அம்மா அதைக் கத்தரித்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். நான் பேசாமல் இருந்தேன். ஆஸ்பத்திரியில் அத்தை பேசாமல் நின்றதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

நாளைக் கூட்டத்தில் அந்தக் காட்சியை நான் நடிக்க வேண்டும். சேர் முடிவு செய்துவிட்டார். முடியாது என்றுதான் சொன்னேன். "உங்கம்மாவ ஸ்கூல் அதிபருக்குப் பக்கத்துல, முன் வரிசையில உக்கார வைக்கிறோம். பழைய சிநேகிதியில்லயா? இப்பப் போயி விளையாடாத" என்றார். ஒத்திகையில் ஏனோதானோவென்று செய்துவிடலாம் என்று நினைத்து ஆரம்பித்தேன். முடியவில்லை. மணிக்கட்டு மடங்கியதும் மீதி எல்லாம் தானாக வந்துவிட்டது. அத்தை செய்யாத ஒன்றையும் செய்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இழுப்புக்கு நடுவே அம்மா ஒரு தடவை கண்ணைத் திறந்து, தன்னை யாராவது புரிந்துகொண்டார்களா என்று வரிசையைப் பார்த்தாள். அதை நான் செய்தபோது பிள்ளைகள் வாங்குப் பலகையில் அடித்துச் சிரித்தார்கள். "நடிகைய விட இவ நல்லாச் செய்றா சேர்!" எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயம். தவமணி அத்தை செய்ததை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்குத் தம்பியை மடியில் வைத்திருந்த நானே மேடையில் செய்தால் நிச்சயம் தெரிந்துவிடும். சுற்றிலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது தெரிந்துவிடும்.

தவமணி அத்தை, உங்களுக்கு நாளை மாலை போடுவார்கள். நான் போட மாட்டேன். அந்தக் காட்சியையும் நடிக்க மாட்டேன். சேர் அடித்தாலும் பரவாயில்லை. ஆனால் உங்களிடமிருந்து ஒன்று எனக்கு வந்துவிட்டது, அதைத் திருப்பித் தர வழியில்லை. இன்றைக்குச் சாப்பிட்ட பிறகு அம்மா பெட்டியைத் திறந்து, நாளைக்கு எதைக் கட்டுவது என்று ஒவ்வொரு சீலையாக எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். சந்தோசத்தில் அவளுடைய கீழுதடு ஒரு பக்கமாக மடிந்தது. அவள் பாவம் என்று நான் நினைக்கவில்லை. எந்தப் பக்கம் மடிகிறது என்று பார்த்தேன். இடது பக்கம். உங்களிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான், இந்தக் கண்.

கூட்டத்தில் நான் ஏன் நடிக்கவில்லை என்று அம்மா கேட்பதற்கு முன்னால் அவளிடம் நானே சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கவே கூடாது. பார்த்தால் அதுவும் எனக்கு

அம்மா கதவைத் தட்டுகிறாள்.

"பாப்பா, உள்ள என்னடி பண்ற? இந்தப் பச்சச் சீலையக் கட்டியிருக்கேன், கொஞ்சம் வந்து பாரு"