செலின் சைக்கிளுக்காக அந்தோனியார் கையிலிருந்து பிள்ளையைப் பறித்தேன்

செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வந்து என்னோடு முழங்கால் போடுகிறவர்களே, உங்களில் சிலருக்கு என்னை இட்லி மாவு விற்கிறவளாகத் தெரியும். பல பேருக்கு போனில் வந்த வீடியோவில்தான் தெரியும். அதில் மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பவள் நான்தான். தலை கலைந்து, வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். என்ன முணுமுணுத்தேன் என்பது வீடியோவில் கேட்காது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போன ஆடியில் என் மகள் செலினின் சைக்கிளைத் திருடிவிட்டார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த நீல சைக்கிள். எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் கிடைத்த அதே சைக்கிள், அதே கூடை, அதே மணி. அடுத்த வருஷமே மழைக்காலத்துக் காய்ச்சலில் செலின் போய்விட்டாள். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா, அவள் துணிமணிகளை மூட்டை கட்டி ஆசிரமத்துக்கு அனுப்பிவிட்டார். புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். நான் படுத்துக் கிடந்தேன். எழுந்து பார்த்தபோது வாசலில் சைக்கிள் மட்டும் சாய்ந்து நின்றது, யாரையோ கூட்டிப்போக வந்து காத்திருப்பதைப் போல.

அன்றிலிருந்து அதில்தான் மாவு கொண்டுபோனேன். செலின் ஓட்டின உயரத்திலேயே சீட்டை விட்டிருந்தேன். அவள் என்னைவிட நெடியவள். எனக்குக் கால் எட்டாது, விரல் நுனியால் மிதிப்பேன். இடுப்பு வலிக்கும். அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது.

சீட்டுக்கு ஒரு உறை இருந்தது. கூடை பின்னுகிற ஒயரில் அவளே பின்னியது. பச்சையும் வெள்ளையும் கட்டம் கட்டமாக வரும். பாதியில் பச்சை தீர்ந்துபோய், பின்பக்கம் மட்டும் சிவப்பு ஒயரை விட்டு முடித்தாள். “அசிங்கமா இருக்குடி, பிரிச்சுப் பின்னு” என்றேன். “நான்தானம்மா உக்காரப் போறேன், ஊருக்கா காட்டப் போறேன்” என்றாள். ஒயர் முனைகளைப் பொசுக்க எங்கள் வீட்டு அந்தோனியார் முன் எரிந்த மெழுகுதிரியைத்தான் எடுத்தாள். மெழுகு சொட்டிச் சொட்டி உள்பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உறைந்துபோயிருந்தது.

திருட்டு நடந்த இடம் வேறெங்கும் இல்லை, கோயில் வாசல். நான் உள்ளே, தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு நவநாள் செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடிக் காற்று ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் அறுபட்ட சங்கிலி கிடக்கிறது, பூட்டு பூட்டியபடியே.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனேன். மேசையில் இருந்தவர் சிரித்தார்.

“பூட்டுக்குப் பேர் போன ஊர்ல உனக்கு மட்டும் நல்ல பூட்டு கெடைக்கலையாக்கும்? பில்லு இருக்கா?”

“இலவசமாக் குடுத்த வண்டிங்கய்யா. பில்லு இல்ல.”

“அப்ப யார் பேர்ல குடுத்தது?”

“எம் மக பேர்ல.”

“அந்தப் புள்ளைய வரச் சொல்லு. அது வந்து எழுதிக் குடுக்கட்டும்.”

“அவ வர மாட்டாய்யா.”

“ஏன், கட்டிக் குடுத்துட்டியா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். “அப்ப மாப்பிள்ளையோட வரச் சொல்லு” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்காரர் மில்லில் இரண்டாம் ஷிப்டு முடிந்து வந்தார். நடந்ததைக் கேட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே, “அது போனா போகட்டும், பழசு ஒண்ணு பாத்து வாங்கிக்கலாம்” என்றார். அன்றைக்கு அவர் தட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை நான். அவரும் கேட்கவில்லை.

மதினிதான் வழி சொன்னார். “அந்தோனியாருகிட்டப் போயி அழுதுக்கிட்டு நிக்காதடி. அவரு கையில இருக்க புள்ளையப் புடுங்கி ஒளிச்சு வையி. காணாமப் போனதக் கொண்டாந்து குடுத்தாத்தான் புள்ளைன்னு சொல்லிரு. தன்னால தேடுவாரு. எங்கம்மா அப்பிடித்தான் தொலஞ்ச காதுத் தோட்டக் கண்டுபிடிச்சா.” அதோடு விடவில்லை. “செத்தவ வண்டிக்கு இம்புட்டு ஆட்டம் ஆடுற, இருக்கவனுக்கு ஒரு ரசம் வைக்க மாட்டேங்குற.”

எங்கள் வீட்டு அந்தோனியார் சுரூபம் திருவிழாக் கடையில் வாங்கிய சின்னச் சிலை. குழந்தை இயேசு அவர் இடது கையில் உட்கார்ந்திருக்கும். ஒட்டி வைத்தது. நான் மெதுவாக எடுக்கவில்லை. பிடுங்கினேன். அந்தோனியாரின் விரல்களும் சேர்ந்து உடைந்து வந்தன. உள்ளே வெறும் சுண்ணாம்பு.

“என் பிள்ளையை எடுத்தபோது என்னிடம் யாராவது கேட்டார்களா?” என்றேன். “இப்போது உமக்கும் தெரியட்டும். சைக்கிள் வரட்டும், பிள்ளை வரும்.”

குழந்தையை உளுந்து டப்பாவுக்குள் குப்புற வைத்துப் புதைத்தேன்.

மாவுக்கு உளுந்து அள்ளும்போதெல்லாம் விரலில் அந்தச் சின்னத் தலை தட்டுப்படும். எடுக்க மாட்டேன். உளுந்தை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி மூடுவேன்.

கூடையைத் தலையில் வைத்து நடந்தே மாவு விற்றேன். மீதி நேரத்தில் தேடினேன். எங்கே தேடுவது? பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் போய் நின்றேன். இன்றைக்கு டவுனில், நாளைக்கு வத்தலக்குண்டில், மறுநாள் பஸ் எங்கே போகிறதோ அங்கே. மணி அடித்ததும் நீல சைக்கிள்கள் வெள்ளமாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் பிள்ளை. ரெட்டைச் சடை, சீருடை, சிரிப்பு. நான் சீட்டைப் பார்ப்பேன், பிறகு முகத்தைப் பார்ப்பேன். சீட்டு அவளுடையதாக இருக்காது. முகமும் அவளுடையதாக இருக்காது. என் மகள் இல்லாத ஊரில் இத்தனை பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைத்தேன். அந்த நினைப்போடுதான் செபமாலையும் உருட்டினேன்.

செபமாலை மாதமான அக்டோபர் பிறந்தது. ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு ஊரில் இறங்கினேன். பேக்கரி வாசலில் ஒரு நீல சைக்கிள் சாய்ந்திருந்தது. பச்சை, வெள்ளைக் கட்டம். பின்பக்கம் சிவப்பு.

ஓடினேன். யோசிக்கவில்லை. யாருடையது என்று கேட்கவில்லை. கூடையும் மணியும் நீலமும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான், இந்தச் சீட்டு உலகத்தில் ஒன்றே ஒன்று. அதனால் வண்டியும் செலினுடையதுதான் என்று ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ஒன்று உறைத்தது. கால் தரையில் ஊன்றுகிறது. யாரோ சீட்டை இறக்கியிருக்கிறார்கள். அழுதுகொண்டே மிதித்தேன்.

“அப்பா! எஞ் சைக்கிளு! அந்தம்மா எடுத்துட்டுப் போகுதுப்பா!”

எதிரே வேனில் முருங்கைக்காய்க் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். ஒரு பைக் குறுக்கே வந்து நின்றது. விழுந்தேன். முதல் அறை ஒரு பெண்ணுடையது. என் வயதுதான் இருக்கும். பிறகு யார் யாருடையது என்று தெரியவில்லை. முருங்கைக்காய் கட்டுகிற கயிற்றாலேயே கம்பத்தில் கட்டினார்கள்.

“செபமாலையப் போட்டுக்கிட்டு களவாங்க வந்திருக்கா பாரு.”

“இவ சைக்கிள் திருடி இல்லப்பா, புள்ளை புடிக்கிறவ. போன வாரமே ரெட்டியார்சத்திரம் பள்ளிக்கூட வாசல்ல நின்னு ஒவ்வொரு புள்ளையா உத்து உத்துப் பாத்துக்கிட்டு இருந்தா.”

அது உண்மை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அக்கா, இங்கிட்டுக் கொஞ்சம் பாரு, மொகம் தெரியல” என்றான் போன் வைத்திருந்தவன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வீடியோவில் இருக்கிறது.

அப்போதுதான் முணுமுணுத்தேன். “அந்தோனியாரே, உம் பிள்ளை உளுந்துக்குள்ள மூச்சு முட்டிக் கிடக்கு. எனக்கு வண்டி வேண்டாம். என்னை அவுத்து விடும். போயி எடுத்துர்றேன்.” அவ்வளவுதான் என் மன்றாட்டு. அழகான செபம் இல்லை. கயிறு இறுக்கினால் வருகிற செபம்.

சைக்கிளின் சொந்தக்காரப் பிள்ளை கார்த்திகா முன்னால் நின்றாள். ரெட்டைச் சடை. அவளைப் பார்த்துச் சொன்னேன். “அந்தச் சீட்டு எம் மக பின்னுனது பாப்பா. உறைக்கு உள்ள விரல விட்டுப் பாரு. மெழுகு இருக்கும்.”

“கதை விடுறா” என்றார்கள். ஆனால் அவள் போய் விரலை விட்டாள். நகத்தில் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

“மெழுகு இருக்குப்பா.”

அவள் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “சீட்டு மட்டும்தான் வாங்குனேன். எம் புள்ள வண்டி சீட்டு கிழிஞ்சு போச்சுன்னு திண்டுக்கல்லுல பழைய இரும்புக் கடையில எடுத்தேன்.”

“மத்தது? வண்டி?”

“வண்டியா... அது அப்பயே பிரிச்சுக் கெடந்துச்சும்மா. சக்கரம் ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். எடைக்குப் போட்டுட்டாக. இந்நேரம் உருக்கியிருப்பாக.”

என் காதால் கேட்டேன். கம்பத்தில் கட்டியபடியே கேட்டேன். பிறகுதான் அவிழ்த்தார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. “மொதல்லயே சொல்ல வேண்டியதுதான, வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றாள் முதலில் அறைந்தவள்.

கார்த்திகா என்னிடம் வந்தாள். “உங்க மக எங்க இப்ப?”

“இல்ல பாப்பா. செத்துப் போச்சு.”

அவள் சட்டென்று சைக்கிளைவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போனாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். “அப்பா, கழட்டிக் குடுத்துரு. இனி அதுல நான் உக்கார மாட்டேன். செத்தவளோடது.”

பேக்கரிக்குப் பக்கத்துப் பஞ்சர் கடையில் ஸ்பானர் வாங்கிக் கழற்றினார்கள். என் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்தார்கள். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை சீட்டு இல்லாத வண்டியில் நின்றபடியே மிதித்துப் போனாள், திரும்பிப் பார்க்காமல். சடை இரண்டும் முதுகில் அடித்துக்கொண்டு போயின. அவளை மட்டும் என்னால் வெறுக்க முடியவில்லை. பயந்துபோய்ப் போகிறாளே, பார்த்துப் போகட்டும் என்றுதான் வந்தது. செலின் போன பிறகு உயிரோடிருக்கும் ஒரு பிள்ளைக்காக நான் நினைத்த முதல் நல்ல நினைப்பு அது.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். “என்னக்கா, நம்ம வண்டியில சீட்டு கெடைக்காதுன்னு கையோட கொண்டாந்துட்டீகளா?” என்றார் கண்டக்டர். சிரித்தேன். சிரித்தபோது உதடு வெடித்து ரத்தம் வந்தது.

எனக்கு முன்னால் வீடியோ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மதினி போனும் கையுமாக நின்றார். “கேட்டது கெடைச்சிருச்சுல்ல? சந்தோசமா?” என்றார். வீட்டுக்காரர் எழுந்து வந்தார். என் கையிலிருந்து சீட்டை வாங்கினார். சிவப்பு ஒயர் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு முகத்தோடு வைத்துக்கொண்டு, அடக்கத்தன்று அழாத மனிதர், மாடு கத்துவதைப் போலக் கத்தினார். மதினி போனை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

உளுந்து டப்பாவில் கைவிட்டேன். குழந்தையின் கண்ணிலும் வாயிலும் உளுந்து மாவு அப்பியிருந்தது. கழுவினேன். அந்தோனியார் கையில் வைத்தால் நிற்கவில்லை. பிடிக்கத்தான் அவருக்கு விரல் இல்லையே. செலின் மிச்சம் வைத்த சிவப்பு ஒயர் ஒரு துண்டு இருந்தது. குழந்தையை அவர் கையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினேன், என்னைக் கம்பத்தோடு கட்டினதைப் போல. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறார்கள் இருவரும். வீட்டுக்கு வந்தால் பார்க்கலாம்.

என் வீட்டுக்காரர் ஒரு பழைய சைக்கிள் பார்த்து, அதில் இந்தச் சீட்டை மாட்டித் தந்தார். உயரத்தை இறக்கச் சொன்னேன். இப்போது கால் தரையில் ஊன்றுகிறது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் மாவு கொண்டுபோகிறேன். மணி அடித்தால் ஓரமாக நின்று, பிள்ளைகள் போகட்டும் என்று விடுகிறேன்.

தொலைத்தவர்களே, கேளுங்கள். வெட்கப்படாமல், சண்டை போட்டாவது கேளுங்கள். வானத்தில் ஒரு காது இருக்கிறது. அதற்கு நான் சாட்சி. அங்கிருந்து நீளும் கை மென்மையானது என்பதற்கு மட்டும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். நான் கேட்டது சைக்கிளை. அதை உருக்கிவிட்டு, அவள் உட்கார்ந்த இடத்தை மட்டும் எனக்குத் திருப்பித் தந்தார்.

நன்றி, அந்தோனியாரே. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.