அப்பாவின் தலை ஆடாமல்

சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, எதிரே யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "யாருப்பா அது, லைட்ட மூஞ்சில அடிக்கிறது? தள்ளிக்கோ" என்றார். பட்டப்பகல். அம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். சுரங்கத்துக்குள் எதிரே ஆள் வந்தால், தொப்பி விளக்கின் ஒளி அவர் கண்ணில் படாமல் தலையைத் திருப்பிக்கொள்வது எங்கள் தங்கவயலில் மரியாதை. அந்த மரியாதை தெரியாத எவனோ ஒருவன் வலது பக்கமாகவே வந்து தொலைக்கிறான் என்று அப்பா சில நாளாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கண்ணுக்குள் கரித்தூள் பறக்கிறது என்றார். சுரங்கத்து ஆள் கண்ணில் தூசி பறக்காமல் மல்லிகைப்பூவா பறக்கும் என்று அதையும் விட்டுவிட்டோம். ஒரு நாள் காலை இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தவர், கீழேயிருந்து கறுப்பாக ஏதோ ஏறி வருகிறது, முகம் தெரிகிறது, பாவாடை தெரியவில்லை என்றார். அம்மாவின் சிரிப்பு அதோடு நின்றது.

கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கவேண்டிய திரை கிழிந்து, மழையில் நனைந்த சினிமா போஸ்டர்போல் மேலிருந்து உரிந்து வருகிறது என்றாராம் டாக்டர். நடுப்பகுதிவரை உரிந்துவிட்டால் ஆபரேஷன் செய்தாலும் பழைய பார்வை வராது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கும்வரை தலை ஆடக் கூடாது. நல்ல கண்ணையும் சேர்த்துக் கட்டினார்கள். ஒன்று உருண்டால் மற்றதும் உருளுமாம். தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. பள்ளிவிட்டு வந்ததும் அந்தத் தலைக்கு நான்தான் காவல். கலெக்டர் வேலை கிடைத்ததுபோல் அதிகாரம் செய்தேன்.

அப்படி ஒரு சாயங்காலம் பூமி குலுங்கிப் பாத்திரங்கள் உருண்டன. அடியில் பாறை வெடித்திருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் பெண்களெல்லாம் ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறும் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள், தங்கள் ஆள் கூண்டில் ஏறி மேலே வரும்வரை அங்கேயே நிற்பார்கள். அம்மாவும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அப்பா எழப் பார்த்தார். "என் கேங்கு ஆளுங்க கீழ இருப்பாங்க, உடும்மா."

"ஆடாதப்பா, உரிஞ்சிடும்!" இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். என் அழுகைதான் அவரைப் படுக்க வைத்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். பாதி வழியில் பக்கத்து வீட்டு அக்கா, "உங்க வூட்டுக்காரரு வூட்லதான படுத்துங்கிறாரு, நீ இன்னாத்துக்கு ஓடியார?" என்று கேட்டாளாம். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காதே என்று அதட்டினேன். அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தபடியே அழுதாள். கீழே யாருக்கும் ஒன்றுமில்லை என்று அப்புறம் செய்தி வந்தது.

பெங்களூரில் ஆபரேஷன் ஆகிக் கட்டை அவிழ்த்த பிறகு, அப்பா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாவாட கிழிஞ்சிகிது பாரு, தெச்சிப் போட மாட்டியா?" என்றார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அம்மாவை மட்டும் நான் விடவில்லை. வீட்டில் படுத்திருக்கிற மனுஷனைத் தேடி ஷாஃப்டுக்கு ஓடிய கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கல்யாணமான நாள்முதல் பூமி குலுங்கும்போதெல்லாம் ஓடிய ஓட்டங்களில், பாதி வழியில் திரும்பிவர அவளுக்குக் கொடுத்துவைத்தது அந்த ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது எட்டவில்லை.